தாது விலையும் டாலர் விலையும்: மூலப்பொருள் நாணயங்களை எது நகர்த்துகிறது?

2011 ஜூலை இறுதியில் ஓர் ஆஸ்திரேலிய டாலருக்கு 1.10 அமெரிக்க டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நாணயத்தின் மதிப்பை அரசு சந்தையின் கையில் விட்ட 1983க்குப் பிறகு அது தொட்ட உச்சம் அதுதான். நாட்டின் முதன்மை ஏற்றுமதியான இரும்புத் தாது அப்போது டன்னுக்கு 175 அமெரிக்க டாலரை ஒட்டி விற்றது. பத்தாண்டு கழித்து, 2021 மே மாதத்தில், அதே தாது 230 டாலரைத் தாண்டி அதுவரை காணாத விலைக்குப் போனது. ஆஸ்திரேலிய டாலரோ 78 அமெரிக்க சென்ட்டின் அருகிலேயே நின்றுவிட்டது. தாது ஏறினால் டாலர் ஏறும், தாது இறங்கினால் டாலர் இறங்கும் என்று நாணயச் சந்தையில் காலங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த கணக்கு அந்த மே மாதத்தில் பொய்த்தது.

கனடாவிலும் இதே கதைதான். 2014 ஜூனில் கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலரைத் தாண்டியிருந்தபோது கனடிய டாலர் 90 அமெரிக்க சென்ட்டுக்கு மேல் இருந்தது. 2022 ஜூனில் எண்ணெய் அதைவிட உயர்ந்த விலையில் இருந்தும் கனடிய டாலர் 80 சென்ட்டை எட்டவில்லை. ஒரு நாட்டின் ஏற்றுமதி வருமானம் ஒன்றிரண்டு மூலப்பொருள்களை நம்பியிருந்து, அவற்றின் உலக விலையோடு சேர்ந்து அதன் பணமும் ஏறி இறங்கினால் அதை மூலப்பொருள் நாணயம் என்பார்கள். ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, நார்வே, சிலி, தென்னாப்பிரிக்கா, சாம்பியா ஆகியவற்றின் நாணயங்கள் இந்த வரிசையில் வழக்கமாகச் சொல்லப்படுபவை. விலைப் பலகையில் தெரியும் எண் இந்த நாணயங்களை நேரடியாக நகர்த்துவதில்லை. அந்த விலையால் வரும் பணத்தில் எவ்வளவு உள்நாட்டு நாணயமாக மாறியே தீர வேண்டும் என்பதுதான் நகர்த்துகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்காமல் சொல்லப்படும் எந்த ஆரூடமும் நிலைக்காது என்பது என் முடிவு.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் வெட்டியெடுக்கப்படும் தாது ரயிலில் போர்ட் ஹெட்லண்டு போன்ற துறைமுகங்களுக்கு வந்து கப்பலேறுகிறது. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவுக்குப் போகிறது. விலை பேசுவது அமெரிக்க டாலரில். பிஎச்பி, ரியோ டின்டோ, ஃபோர்டெஸ்க்யூ ஆகிய நிறுவனங்களின் கைக்கு வருவதும் அமெரிக்க டாலர்தான். அதில் எதை அவர்கள் ஆஸ்திரேலிய டாலராக மாற்றுகிறார்கள்? தொழிலாளர் சம்பளம், உள்ளூர் ஒப்பந்தக்காரர்களுக்கான தொகை, மாநில அரசுக்குச் சேரும் ராயல்டி, மத்திய அரசுக்கான நிறுவன வரி, உள்நாட்டுப் பங்குதாரர்களுக்கான ஈவுத்தொகை. வெளிநாட்டிலிருந்து வாங்கும் இயந்திரங்களுக்கான விலையும், டாலர் கடனின் வட்டியும், லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கும் பங்குதாரர்களின் ஈவும் டாலராகவே வந்து டாலராகவே போய்விடும். சுரங்கத் தொழிலின் பங்குகளில் பெரும்பகுதி வெளிநாட்டவரிடம் இருக்கிறது என்பதால் இந்தப் பிரிவினை சிறிய விஷயமில்லை.

2011ஐ இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். அன்று தாது விலை மட்டும் உயரவில்லை. புதிய சுரங்கங்கள், ரயில் பாதைகள், துறைமுகங்கள், கோர்கன் போன்ற திரவ எரிவாயு ஆலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. வழக்கமாக நாட்டின் மொத்த உற்பத்தியில் 2 விழுக்காட்டை ஒட்டியிருந்த சுரங்க முதலீடு, 2012 வாக்கில் 9 விழுக்காட்டை நெருங்கியது. கட்டுமானம் என்றால் ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் ஆஸ்திரேலிய டாலரில்தான். பெர்த் நகரிலிருந்து விமானத்தில் போய் இரண்டு மூன்று வாரம் வேலை பார்த்துத் திரும்பும் தொழிலாளர்களின் சம்பளம் மற்ற தொழில்களின் சம்பளத்தையும் மேலே இழுத்தது. பணவீக்கம் தலைதூக்கும் என்று கண்ட ரிசர்வ் வங்கி வட்டியை 4.75 விழுக்காட்டில் வைத்திருந்தது. அமெரிக்காவில் வட்டி ஏறத்தாழப் பூஜ்யம். ஜப்பானிலும் அப்படியே. குறைந்த வட்டிக்கு யென்னில் கடன் வாங்கி ஆஸ்திரேலியப் பத்திரத்தில் போட்டால் சும்மா உட்கார்ந்து வருமானம் பார்க்கலாம் என்ற நிலை. சுரங்கம் கட்டுபவர், பத்திரம் வாங்குபவர், வட்டி வித்தியாசத்தைத் தேடுபவர் மூவரும் ஒரே நாணயத்துக்காக ஒரே வாசலில் நின்றார்கள்.

2021இல் அந்த வாசலில் கூட்டமில்லை. சுரங்கங்கள் கட்டி முடிந்திருந்தன. வெட்டுவதற்கும் ஏற்றுவதற்கும் கட்டும்போது தேவைப்பட்ட ஆட்களில் ஒரு பகுதியே போதும். நிறுவனங்கள் கிடைத்த லாபத்தைப் புதிய முதலீட்டில் போடாமல் ஈவுத்தொகையாகப் பிரித்துக் கொடுத்தன. ரிசர்வ் வங்கியின் வட்டி 0.10 விழுக்காடு. அடுத்த ஆண்டு நிலக்கரியும் எரிவாயுவும் சேர்ந்து ஏற, ஏற்றுமதி விலைக்கும் இறக்குமதி விலைக்கும் உள்ள விகிதமான வாணிப வீதம் 2022இன் நடுவில் வரலாற்று உச்சத்தைத் தொட்டது. டாலர் 70 சென்ட்டை ஒட்டியே இருந்தது. அமெரிக்க மத்திய வங்கி ஆஸ்திரேலியாவைவிட வேகமாக வட்டியை உயர்த்திக்கொண்டிருந்ததே முதல் காரணம். இன்னொரு காரணம் மெதுவாக வளர்ந்து வந்தது. ஆஸ்திரேலியத் தொழிலாளர்களின் கட்டாய ஓய்வூதிய நிதிகள் உள்நாட்டுச் சந்தைக்குள் அடங்காத அளவுக்குப் பெருத்து, அமெரிக்கப் பங்குகளை வாங்கத் தொடங்கிவிட்டன. 1975க்குப் பிறகு முதன்முறையாக 2019இல் ஒரு காலாண்டில் நாட்டின் நடப்புக் கணக்கு உபரியானது. மூலதனத்தை வாங்கியே பழகிய நாடு அதை வெளியே அனுப்பத் தொடங்கியது என்று இதற்குப் பொருள். தாதுவால் உள்ளே வரும் டாலரை ஓய்வூதியப் பணம் வெளியே போகும்போது ஈடுகட்டிவிடுகிறது.

நார்வே இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. எண்ணெய் நிறுவனங்கள் வரி கட்டுவதற்காக டாலரையும் யூரோவையும் விற்று உள்நாட்டு நாணயமான குரோனாவை வாங்குகின்றன. அரசுக்கு வந்த குரோனாவில் பட்ஜெட்டுக்கு வேண்டியது போக மிஞ்சியதை நாட்டின் மத்திய வங்கி சந்தையில் விற்று, அந்நியச் செலாவணியாக மாற்றி, 1990இன் சட்டத்தால் உருவான எண்ணெய் நிதியில் போடுகிறது. அந்த நிதி முழுக்க முழுக்க வெளிநாட்டில்தான் முதலீடு செய்யும். 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பின் ஐரோப்பாவில் எரிவாயு விலை தாறுமாறாக ஏறியது. நார்வே அரசுக்கு வந்த வருமானம் அதற்குமுன் எப்போதும் வராதது. குரோனா வலுப்பெறவில்லை, பலவீனமானது. வருமானம் எவ்வளவு பெருகினாலும் வாங்கும் கையும் விற்கும் கையும் ஒரே அளவில் பெருகும்படி செய்த ஏற்பாடு அது. தலைமுறைகளுக்கான சேமிப்பாக மட்டுமே இந்த நிதியைப் பலர் பாராட்டுகிறார்கள். நாட்டின் மற்ற தொழில்களை எண்ணெய் விலையிலிருந்து காக்கும் அரண் என்பதே அதன் பெரிய பயன் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த அரண் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியாவின் கார்த் தொழிலில் பார்க்கலாம். 1.00 டாலருக்கு மேல் இருந்த நாணயத்தில் சம்பளம் கொடுத்துக் கார் செய்து, வெளிநாட்டில் விற்பதும் இறக்குமதிக் காரோடு உள்நாட்டில் போட்டியிடுவதும் நடக்காத காரியமாயின. ஃபோர்டு 2013 மே மாதத்திலும் ஹோல்டன் அந்த ஆண்டு டிசம்பரிலும் டொயோட்டா 2014 பிப்ரவரியிலும் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தன. ஃபோர்டு 2016 அக்டோபரில் மூடியது. டொயோட்டாவின் ஆல்டோனா ஆலையும் அடிலெய்டு அருகே எலிசபெத்தில் இருந்த ஹோல்டன் ஆலையும் 2017 அக்டோபரில் மூடின. சிறிய சந்தை, குறைந்துவந்த சுங்கப் பாதுகாப்பு, நின்றுபோன அரசு மானியம் ஆகியவையும் காரணங்கள்தாம். நாணயத்தை மட்டும் குற்றம்சாட்ட முடியாது. ஆனாலும் முடிவெடுக்கப்பட்ட மாதங்களைப் பாருங்கள். கடைசி கார் வெளியே வந்தபோது டாலர் 80 சென்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. நாணயம் திரும்பி வந்தது, ஆலைகள் திரும்பி வரவில்லை. 1959இல் கிரோனிங்கனில் எரிவாயு கண்டுபிடித்த நெதர்லாந்தின் ஆலைத்தொழில் நலிந்ததை வைத்து 1977இல் ஓர் ஆங்கில வார இதழ் இதற்கு 'டச்சு நோய்' என்று பெயர் வைத்தது. அதற்கு ஓராண்டு முன்பே ஆஸ்திரேலியப் பொருளியலாளர் பாப் கிரகரி, சுரங்க ஏற்றுமதி வளர்ந்தால் பழைய ஏற்றுமதித் தொழில்களும் இறக்குமதியோடு போட்டியிடும் தொழில்களும் எப்படி அடிபடும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டியிருந்தார்.

இவ்வளவு சேதம் செய்யும் நாணயத்தைக் கட்டிப்போட்டுவிட்டால் என்ன? ஆஸ்திரேலியா அதையும் அனுபவித்திருக்கிறது. 1950 ஜூனில் கொரியப் போர் தொடங்கியதும் ராணுவச் சீருடைக்காகக் கம்பளிக்குப் பெருந்தேவை எழுந்தது. ஓர் இறாத்தல் கம்பளி ஒரு பவுண்டுக்கு விற்ற காலம் அது. ஆஸ்திரேலியப் பவுண்டு அப்போது ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்டிருந்தது. மதிப்பை உயர்த்தலாம் என்ற யோசனை எழுந்தபோது, கூட்டணி அரசில் இருந்த விவசாயிகளின் கட்சி விடவில்லை. உயர வேண்டிய நாணயம் உயராமல் போக, உள்நாட்டு விலைவாசி உயர்ந்தது. 1951இல் பணவீக்கம் 20 விழுக்காட்டைத் தாண்டியது. கம்பளி விலை சரிந்ததும் இறக்குமதிச் செலவுக்குச் செலாவணி போதாமல் 1952 மார்ச்சில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. 2000களின் சுரங்க எழுச்சி அந்தக் கம்பளி எழுச்சியைவிடப் பல ஆண்டுகள் நீண்டது. அந்தக் காலத்தில் பணவீக்கம் கட்டுக்குள் இருந்ததற்கு உயர்ந்த டாலரே பெருங்காரணம். விலை அதிர்ச்சி எங்காவது ஓரிடத்தில் இறங்கித்தான் ஆகவேண்டும். நாணயத்தில் இறங்காவிட்டால் அரிசி, பால், வாடகை ஆகியவற்றில் இறங்கும்.

1983 டிசம்பர் 12 அன்று பிரதமர் பாப் ஹாக்கின் அரசு டாலரை மிதக்கவிட்டது. நிதியமைச்சர் பால் கீட்டிங்கும் ரிசர்வ் வங்கியும் ஒரு பக்கம், நிதித்துறைச் செயலர் ஜான் ஸ்டோன் மறுபக்கம் என்று நடந்த வாதத்தின் முடிவு அது. மூன்றாண்டுக்குள் பரீட்சை வந்தது. கோதுமை, நிலக்கரி, உலோகங்களின் விலை விழுந்து கடன் பெருக, நாடு 'வாழைப்பழக் குடியரசு' ஆகிவிடும் என்று 1986 மே மாதத்தில் கீட்டிங் வானொலியில் எச்சரித்தார். ஜூலையில் டாலர் 60 சென்ட்டுக்குக் கீழே போனது. பெரிய பரீட்சை 1997-98இன் ஆசிய நெருக்கடி. ஏற்றுமதியில் பெரும்பங்கை வாங்கிவந்த ஆசிய நாடுகள் முடங்கின. ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்தி நாணயத்தைத் தாங்கிப்பிடிக்கவில்லை, விழவிட்டது. டாலர் 55 சென்ட்டை ஒட்டி இறங்க, ஏற்றுமதியாளர்கள் ஆசியாவில் இழந்ததை வேறு சந்தைகளில் பிடித்தார்கள், பொருளாதாரம் தொடர்ந்து வளர்ந்தது. அதே காலத்தில் நியூசிலாந்தின் மத்திய வங்கி, நாணயம் விழுந்த அளவுக்கு வட்டியை இறுக்க வேண்டும் என்ற சூத்திரத்தைப் பின்பற்றியது. 1998இல் நியூசிலாந்து மந்தத்தில் விழுந்தது.

ஆய்வாளர்கள் இந்த உறவை அளந்து பார்த்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1983இல் ரிச்சர்டு மீசும் கென்னத் ரோகாஃபும் வெளியிட்ட கட்டுரை நாணய ஆய்வையே அதிரவைத்தது. அன்றிருந்த கோட்பாட்டு மாதிரிகள் எதுவும், 'நாளைய விலை இன்றைய விலையேதான்' என்ற எளிய ஊகத்தைவிடச் சிறப்பாகக் கணிக்கவில்லை என்று அவர்கள் காட்டினார்கள். மூலப்பொருள் நாணயங்களாவது இதற்கு விலக்காக இருக்குமோ என்ற நம்பிக்கையில் யூ-சின் சென்னும் ரோகாஃபும் 2003இல் ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து மூன்றையும் எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து நாணயங்களில் உறவு வலுவாகத் தெரிந்தது. கனடாவில் அவ்வளவு இல்லை. அடுத்த ஆண்டு பால் கேஷினும் வேறு இருவரும் 58 நாடுகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாடுகளில்தான் நீண்டகால உறவு கிடைத்தது. மூலப்பொருள் விற்கும் நாடு எல்லாம் மூலப்பொருள் நாணயம் வைத்திருப்பதில்லை.

2010இல் சென், ரோகாஃப், பார்பரா ரோஸ்ஸி மூவரும் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். மூலப்பொருள் விலையைக் கொண்டு நாணயத்தைக் கணிப்பது கடினம். நாணயத்தைக் கொண்டு மூலப்பொருள் விலையைக் கணிக்க முடிகிறது என்றார்கள். நாணய வியாபாரி இன்றைய தாது விலைக்குப் பணம் கொடுப்பதில்லை, இனி வரப்போகும் ஆண்டுகளின் விலையைக் குறித்த தன் எதிர்பார்ப்புக்குக் கொடுக்கிறார். இதற்கு 2008ஐவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இரும்புத் தாது அன்று ஆண்டு ஒப்பந்த விலையில் விற்றது. அந்த ஆண்டு ஜூனில் சீனாவின் பாவ்ஸ்டீல் நிறுவனம் ரியோ டின்டோவுக்கு முந்தைய ஆண்டைவிடத் தூள் தாதுவுக்கு ஏறத்தாழ 80 விழுக்காடும் கட்டித் தாதுவுக்கு 96.5 விழுக்காடும் கூடுதலாகத் தர ஒப்புக்கொண்டது. ஒப்பந்தம் மறு மார்ச் வரை செல்லும். ஜூலையில் 98 சென்ட்டாக இருந்த ஆஸ்திரேலிய டாலர், அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் வீழ்ந்த பின் அக்டோபர் இறுதியில் 60 சென்ட்டுக்கு வந்து, ரிசர்வ் வங்கியே சந்தையில் இறங்கி வாங்க வேண்டியதாயிற்று. ஒப்பந்தத் தாளில் தாது விலை உச்சத்தில் இருந்தபோதே நாணயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிட்டது. அதில் ஒரு பங்கு வருங்கால விலை பற்றிய அச்சம். இன்னொரு பங்கு, யென்னில் கடன் வாங்கியிருந்தவர்கள் ஒரே வாரங்களில் கணக்கை முடிக்க ஓடியது. உலகம் பயப்படும்போது முதலில் விற்கப்படுபவை இந்த நாணயங்கள்தாம். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோதும் டாலர் 55 சென்ட்டுக்குச் சரிந்தது, தாது விலை பெரிதாக விழாமலேயே.

எண்ணெய் ஏறியும் நாணயம் ஏறாத கனடாவின் புதிருக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஷேல் எண்ணெயின் வரவால் அமெரிக்கா 2020இல் ஆண்டுக் கணக்கில் பெட்ரோலியப் பொருள்களின் நிகர ஏற்றுமதியாளராகிவிட்டது. எண்ணெய் ஏறினால் அமெரிக்க டாலர் இறங்கும் என்ற பழைய பழக்கம் தளர்ந்தது. தராசின் ஒரு தட்டில் கனடிய டாலரை உயர்த்திய அதே விலை, மறுதட்டில் இருந்த அமெரிக்க டாலருக்கும் பலம் கொடுத்தது. ஆல்பர்ட்டா எண்ணெய் மணலில் புதிய முதலீடு 2014க்குப் பின் மீளவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால் புதிர் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும்.

வளைகுடா நாடுகள் இந்த வரிசையில் வராததற்குக் காரணம் நிலையான மாற்று விகிதம். சவுதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75, அமீரகத் திர்ஹாம் 1997 முதல் 3.6725. அங்கிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இது பாதுகாப்புப்போலத் தெரியும். எண்ணெய் விழுந்தாலும் திர்ஹாம் விழாது. இந்தியா தன் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்வதால், எண்ணெய் ஏறினால் ரூபாய்தான் இறங்கும், அனுப்பும் தொகை கூடும். ஆனால் அதிர்ச்சி இங்கும் ஓரிடத்தில் இறங்குகிறது. 2014 நடுவிலிருந்து 2016 தொடக்கம்வரை எண்ணெய் சரிந்தபோது சவுதி அரசு திட்டங்களை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் முகாம்களில் கிடந்தார்கள். நாணயம் அசையாத இடத்தில் வேலை அசைகிறது.

ஆஸ்திரேலியாவின் அனுபவத்தை வைத்து 'நாணயத்தை மிதக்கவிடுங்கள், அதிர்ச்சியை அது தாங்கிக்கொள்ளும்' என்று ஏழை நாடுகளுக்கு அறிவுரை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆஸ்திரேலியா வெளிநாட்டில் வாங்கும் கடன் பெரும்பாலும் சொந்த நாணயத்தில் இருக்கிறது, அல்லது நாணய இடருக்கு எதிராகக் காப்பு செய்யப்பட்டிருக்கிறது. டாலர் விழுந்தால் கடன் வீங்குவதில்லை. ஏற்றுமதியில் பத்தில் ஏழு பங்கைச் செம்பிலிருந்து பெறும் சாம்பியாவின் நிலை வேறு. செம்பு விலை நன்றாக இருந்த காலத்தில் அந்த நாடு 2012, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் டாலர் பத்திரங்கள் மூலம் மொத்தம் 300 கோடி டாலர் கடன் வாங்கியது. 2015இல் செம்பு விழுந்தது. மழையும் பொய்த்து கரிபா அணையின் நீர்மின்சாரம் குறைந்தது. நாட்டின் நாணயமான குவாச்சா பாதாளத்துக்குப் போனது. நாணயம் விழுந்ததால் ஏற்றுமதி பெருகிவிடவில்லை, ஏனென்றால் செம்பு தவிர விற்கப் பெரிதாக எதுவுமில்லை. பெருகியது குவாச்சாக் கணக்கில் டாலர் கடனும், எரிபொருளின் விலையும்தான். 2020 நவம்பரில் சாம்பியா பத்திர வட்டியைக் கட்டத் தவறியது.

அதிர்ச்சியைத் தாங்கும் நாணயம் வேண்டுமென்றால் முதலில் டாலர் கடன் குறைவாக இருக்க வேண்டும். நாணயம் மலிவாகும்போது விற்பதற்கு இரண்டாவது மூன்றாவது சரக்கு வேண்டும். விலை உயர்ந்த ஆண்டுகளில் வந்த பணத்தில் ஒரு பகுதி வெளியே சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். சிலி தன் செம்பு வருமானத்தில் 2007 முதல் இப்படி ஒரு நிதி வைத்திருந்ததால்தான் 2009இல் கடனுக்கு அலையாமல் செலவிட முடிந்தது. சாம்பியாவுக்கு அந்த அவகாசத்தைக் கடன் கொடுத்தவர்களும் தரவில்லை, ஆண்டவர்களும் தேடவில்லை. 2024 மே மாதத்தில் லண்டன் உலோகச் சந்தையில் செம்பு டன்னுக்கு 11,000 டாலரைத் தாண்டி வரலாற்று உச்சத்தைத் தொட்டது. கடும் வறட்சியில் மக்காச்சோளத்தையும் மின்சாரத்தையும் இறக்குமதி செய்துகொண்டிருந்த சாம்பியாவில், அந்த மாதம் ஓர் அமெரிக்க டாலரை வாங்க 26 குவாச்சாவுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. 2012இல் முதல் டாலர் பத்திரத்தை விற்றபோது, இன்று புழங்கும் குவாச்சாவின் கணக்கில், ஐந்தே போதுமாக இருந்தது.